டப்பா வாங்குமுன் ஒரு மாதம் பொறு, தங்கச்சி

புது வீட்டுச் சமையலறையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். தட்டுகள் எல்லாம் காலியாக, பளிச்சென்று இருக்கின்றன. கூடவே இன்னொரு படம்: ஒரே நிறத்தில் மூடி போட்ட இருபத்து நான்கு பிளாஸ்டிக் டப்பாக்கள் கொண்ட செட். "அக்கா, இதை ஆர்டர் போடவா?" என்று கேட்டிருக்கிறாய்.

ஒரு மாதம் பொறு. அதற்குள் உன் வீட்டில் துவரம்பருப்பு எவ்வளவு போகிறது, ரவை எவ்வளவு போகிறது என்று உனக்கே பிடிபட்டுவிடும். அது தெரியாமல் வாங்கினால் ஒன்று சின்னதாக இருக்கும், இல்லையென்றால் பெரிதாக இருக்கும். பாதி டப்பா பரணுக்குப் போய்விடும். அதுவரை மளிகைச் சாமானை வந்த கவரோடு ரப்பர் பேண்ட் போட்டு, மூடியுள்ள ஒரு பெரிய பாத்திரத்துக்குள் நிறுத்தி வை. ஒன்றும் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் வளர்ந்தது திருநெல்வேலியில். நீ குடித்தனம் வைத்திருப்பது சென்னையில், அதுவும் கடற்கரைப் பக்கம். அம்மா ஊரில் செய்ததை அப்படியே அங்கே செய்தால் எல்லாம் சரியாக வராது. இதை நான் கல்யாணமான முதல் வருஷமே கற்றுக்கொண்டேன். அப்பா நம் காட்டில் விளைந்த பாசிப்பயறு ஐந்து கிலோ கொடுத்துவிட்டிருந்தார். நல்ல இறுக்கமான எவர்சில்வர் டிரம்மாகப் பார்த்து வாங்கி, பயறைப் போட்டு மூடி, தட்டில் ஏற்றிவிட்டேன். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கார்த்திகையில் திறந்தால் பயறு முழுக்க ஓட்டை. அடியில் மாவு. மேலே வண்டு ஊர்கிறது. அப்பா வெயிலில் நின்று அடித்துக் கொடுத்த பயறு. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

மூடியில் ஒரு குறையும் இல்லை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. பயறு வண்டு காட்டிலேயே, காயிலேயே முட்டை வைத்துவிடும். முட்டையோடு வந்த பயறை நானே உள்ளே போட்டுப் பூட்டியிருக்கிறேன். அரிசி வண்டும் அப்படித்தான். மணியில் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை அடைத்துவிடும். புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். "டப்பாவுக்குள் எப்படி வண்டு வந்தது?" என்று நாம் திகைப்பது அப்போதுதான். அதனால் டப்பாவில் போடுமுன் செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போடுமுன்

சாமான் வந்ததும் நேராக டப்பாவில் கொட்டாதே. சுளகில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பார். முழுப் பயறு, தட்டைப்பயறு, மொச்சை இவற்றில் தோலின் மேல் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. ரவையிலும் மாவிலும் நூலாம்படை போலக் கட்டிக்கொண்டு வந்தால் அந்துப்பூச்சியின் புழு இருக்கிறது. அப்படிப்பட்டதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடு, சங்கடப்படாதே.

பருப்பு, பயறு, மிளகாய் வத்தல், மல்லி எல்லாவற்றையும் ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டு எடு. ஆனால் அரிசியைக் கொளுத்தும் வெயிலில் போடாதே. தீட்டிய அரிசி சட்டென்று காய்ந்தால் மணிக்குள் கீறல் விழும். வடித்தால் உடைந்து கஞ்சியாகும். அரிசியை நிழலில், மின்விசிறிக்கு அடியில் பரப்பினால் போதும். வெயிலில் காய்ந்ததைச் சூட்டோடு அள்ளிப் போட்டு மூடுவதும் கூடாது. உள்ளே வேர்த்து, மூடியின் அடிப்பக்கம் நீர் கோத்து, மேலே இருப்பது பூஞ்சை பிடிக்கும். சாயங்காலம் எடுத்தால் ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் போடு.

மூன்றாவது மாடி, மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் என்றாயே. வெயிலுக்கு வழியில்லாவிட்டால் உன் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் இருக்கிறது. பயறையும் ரவையையும் இறுக்கமான கவரில் கட்டி நான்கு நாள் ஃப்ரீசரில் வை. மைனஸ் 18 டிகிரிக் குளிரில் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் கவரை அவிழ்க்காதே. சாதாரணச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டு அவிழ்த்தால் குளிர்ந்த பருப்பின் மேல் சென்னைக் காற்றின் ஈரம் முழுக்க வந்து படியும். பட்ட பாடு வீண்.

ஊரில் அம்மா பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவாளே, அது வெறும் பழக்கம் இல்லை. மெல்லிய எண்ணெய்ப் பூச்சில் வண்டு முட்டை ஒட்டாது. ஒட்டினாலும் மூச்சு முட்டிப் பொரியாது. ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன். கையில் ஊற்றித் தேய்த்துப் பிசிறிவிடு. சமைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு தடவை கழுவினால் போய்விடும். முழுப் பயறுக்கும் மாதக்கணக்கில் வைக்கும் துவரைக்கும் இதைச் செய். அரைக் கிலோ வாங்கிப் பத்து நாளில் தீர்க்கும் பருப்புக்குத் தேவையில்லை.

ரவையைச் சிறு தீயில், நிறம் மாறாமல், கை பொறுக்காத சூடு வரும்வரை வறுத்து ஆறவைத்துப் போடு. உப்புமாவுக்கும் அது நல்லது. மைதா, கடலைமாவு இரண்டையும் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதே. மாவை மாதக்கணக்கில் காப்பாற்றும் டப்பா எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

வசம்பு, காய்ந்த வேப்பிலை, கிராம்பு, நாலு மிளகாய் வத்தல் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாம் போடலாம். வேப்பிலை நன்றாக நிழலில் உலர்ந்திருக்க வேண்டும்; பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே கெடுதல். வசம்பைத் துணியில் முடிந்து போடு, அரிசியோடு உலையில் விழுந்துவிடக் கூடாது. இவை வெளியிலிருந்து வருவதை விரட்டும். ஏற்கெனவே மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. அதனால்தான் முதலில் வெயிலும் குளிரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் யாராவது போரிக் பவுடர் கலந்து வை, அந்துருண்டை போடு என்றால் கேட்காதே. அந்துருண்டை துணிக்கு, அதுவும் பிள்ளைகள் எடுக்காத இடத்தில். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை என்று குடோனில் போடும் பூச்சி மருந்து ஒன்று உண்டு. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே நச்சு வாயு கிளம்பும். பூட்டிய வீட்டுக்குள் ஆளையே கொன்றுவிடும். அதைத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வீட்டு வாசலைத் தாண்ட விடாதே. வண்டு விழுந்த அரிசியைப் புடைத்துக் கழுவிச் சாப்பிட்டுவிடலாம். இந்த விஷத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

அரிசி டிரம்

2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பிறகு கடைகளில் 26 கிலோ மூட்டை வர ஆரம்பித்தது. நீ வாங்கப் போவதும் அநேகமாக அதுதான். பாத்திரக் கடையில் "25 கிலோ டிரம்" என்று கொடுத்தால் கடைசி ஒன்றிரண்டு கிலோ வெளியே நிற்கும். கிலோவைக் கேட்காதே, லிட்டரைக் கேள். ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் இடம் வேண்டும். 26 கிலோவுக்கு 33 லிட்டர். பருப்புக்கும் சர்க்கரைக்கும் இதே கணக்குதான். ரவைக்குக் கிலோவுக்கு ஒன்றரை லிட்டர், கோதுமை மாவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் பிடிக்கும். கையில் இருக்கும் டப்பாவின் அளவு தெரியாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் ஊற்றிப் பார்த்து, அடியில் மார்க்கரால் எழுதி வை.

இரண்டு பேருக்கு மூட்டை வாங்க வேண்டுமா என்று முதலில் யோசி. நீங்கள் இருவரும் ராத்திரி தோசை, சப்பாத்தி என்றால் மாதம் எட்டு கிலோகூடப் போகாது. ஐந்து கிலோவாக வாங்கினால் விலை கொஞ்சம் கூடும். வண்டுக்குக் கொடுப்பதைவிட அது குறைவுதான்.

டிரம்மைத் தரையில் வைக்காதே. ஒரு பலகையோ மூன்று செங்கலோ அடியில் கொடு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளு. மழைக்காலத்தில் தரையும் சுவரும் ஈரம் கக்கும். புது மூட்டை வந்தால் பழைய அரிசியின் மேல் கொட்டாதே. அடியில் இருக்கும் இரண்டு படியைத் தனியே எடுத்து வைத்து அதை முதலில் செலவழி. டிரம்மைக் கழுவி, ஒரு பகல் முழுக்கக் கவிழ்த்துக் காயவைத்து, அதற்கப்புறம் புதியதைக் கொட்டு. உள்ளே ஒரு ஆழாக்கைப் போட்டு வை. 168 மில்லி பிடிக்கும் அந்த அளவுதான் உலை வைக்க வசதி. ஈரக் கையை உள்ளே விடவும் வேண்டியிராது.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தானியத்துக்கென்றே ஒரு பூச்சிப் பொறி செய்திருக்கிறது. குழாய் முழுக்க இரண்டு மில்லிமீட்டர் துளைகள். அரிசிக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி நகரும் வண்டு துளை வழியே உள்ளே போய் அடியில் இருக்கும் குப்பிக்குள் விழுந்துவிடும். வாரம் ஒரு தரம் உருவிக் கொட்டினால் போதும். மருந்து கிடையாது, மின்சாரம் கிடையாது. மூட்டை வாங்கும் வீட்டுக்கு இது நல்ல துணை.

உப்பும் புளியும் ஊறுகாயும்

இவை மூன்றுக்கும் உலோகம் ஆகாது. எவர்சில்வர்கூட உப்பு ஈரத்தில் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிக்கும். கண்ணாடி பாட்டிலில் போட்டாலும் அதன் தகர மூடி துருப்பிடித்துத் தூளாக உதிரும். பீங்கான் ஜாடிதான் இதற்கெல்லாம் உரியது. தூத்துக்குடிக் கல் உப்பு மழைக்காலத்தில் நீர் விடுவது அதில் கலந்திருக்கும் மக்னீசிய உப்பால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஜாடியின் அடியில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அதன் மேல் உப்பைக் கொட்டினால் நீர் அடியில் இறங்கி நிற்கும், மேலே இருப்பது உலர்ந்திருக்கும். ஆச்சி செய்தது உனக்கு நினைவிருக்கும். அயோடின் சேர்த்த தூள் உப்பை மட்டும் எப்போதும் மூடி வை. ஈரமும் வெளிச்சமும் பட்டால் அயோடின் குறைந்துபோகும்.

புளி மாசி, பங்குனியில் புதிதாக வரும். அப்போது வருஷத்துக்கு வாங்கினால் விலையும் குறைவு. கொட்டையும் நாரும் எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ஜாடியில் ஒரு அடுக்குப் புளி, ஒரு கை கல் உப்பு என்று அழுத்தி அழுத்தி அடைக்க வேண்டும். இடையில் காற்று நிற்கக் கூடாது. கொட்டையோடு வைத்தால் கொட்டையைத் தேடிப் பூச்சி வரும். நாள் ஆக ஆகக் கறுக்கும். அது கெட்டது இல்லை, பழம்புளி. குழம்புக்கு அதுதான் ருசி.

ஊறுகாய் ஜாடிக்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டி, அதன் மேல் மூடி வை. ஜாடியைக் கழுவினால் இரண்டு நாள் காய வேண்டும். பீங்கானின் அடிவிளிம்பில், மெருகு இல்லாத இடத்தில், ஈரம் பிடித்து நிற்கும்.

பொடிகள்

மிளகாய்ப் பொடியும் சாம்பார்ப் பொடியும் மில்லில் அரைத்து வாங்கும்போது கை சுடும் சூட்டில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளில் கொட்டிப் பரப்பாதே, அச்சு மை ஒட்டும். அகலமான தாம்பாளத்தில் பரப்பு. முழுக்க ஆறிய பிறகு இரண்டாகப் பிரி. ஒரு மாதத்துக்கு உள்ளது சின்ன பாட்டிலில், மீதி இறுக்கமான டப்பாவில், இருட்டில். முடிந்தால் ஃப்ரிட்ஜில் வை. வெளிச்சம் பட்டால் மிளகாய்ப் பொடி சிவப்பு மங்கி வைக்கோல் நிறமாகும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டில் பொடி பாட்டில்களை வரிசையாக வைப்பது படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஆவியும் சூடும் மேலே ஏறி முதலில் அதைத்தான் பிடிக்கும். அந்தத் தட்டில் தட்டு, கிண்ணம் வை.

அஞ்சறைப் பெட்டி கட்டாயம் வாங்கு. அதில் ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும் போடு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கொதிக்கும் குழம்புக்குப் பக்கத்தில் திறக்கிற பெட்டி அது. கால் கிலோ சீரகத்தை அதில் நிரப்பினால் வாசனை போய்விடும். பெருங்காயத்துக்கு அதில் இடம் கொடுக்காதே. கட்டியோ தூளோ, தனியே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. காபிப் பொடியும் அப்படித்தான், பக்கத்தில் இருப்பதன் வாடையை வாங்கிக்கொள்ளும். காலைக் காபி மாப்பிள்ளை கைவண்ணம் என்றாயே, அவரிடமும் சொல்லிவை: ஈரக் கரண்டி ஒரு தடவை பட்டாலும் சிக்கரி கலந்த பொடி கல்லாகக் கட்டிவிடும். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் அதற்கென்று ஒரு கரண்டி இருக்கட்டும்.

எண்ணெய், நிலக்கடலை, கருப்பட்டி

எண்ணெய்க்கு எதிரிகள் வெளிச்சம், சூடு, காற்று. கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அடுப்புப் பக்கம் வைத்தால் மூன்றும் சேர்ந்துகொள்ளும். சிக்கு வாடை வந்தால் திரும்பாது. மாதத்துக்கு உள்ளதை எவர்சில்வர் தூக்கில் போட்டு உள் அலமாரியில் வை. வாரத்துக்கு உள்ளதை மட்டும் சின்னக் கிண்டியில் எடு. கிண்டி காலியாகுமுன் மேலே மேலே ஊற்றாதே. அடியில் தங்கிய பழைய எண்ணெய் புதியதையும் கெடுத்துவிடும். பாட்டி காலத்துப் பித்தளைத் தூக்கில் எண்ணெய் வைக்க ஆசைப்பட்டாய் என்று அம்மா சொன்னாள். வேண்டாம், செம்பு கலந்த பாத்திரத்தில் எண்ணெய் சீக்கிரம் கெடும். அதில் பூ வை. தேங்காய் எண்ணெயை அகல வாய்ப் பாட்டிலில் வை. மார்கழிக் காலையில் சென்னையிலும் உறையும்.

நிலக்கடலையில் ஒன்றிரண்டு பூஞ்சை பிடித்திருந்தாலும், கசந்தாலும், பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை வறுக்கலாம் என்று நினைக்காதே. அந்தப் பூஞ்சையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் அவித்தாலும் முழுக்கப் போகாது. மொத்தத்தையும் தூக்கிப் போடு. காசு போனால் போகட்டும்.

உடன்குடிக் கருப்பட்டியை ஊரில் ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேல் பரணில் வைப்பார்கள். புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடாது. கேஸ் அடுப்பு வீட்டில் அந்தப் பரண் இல்லை. வாழைச்சருகிலோ காகிதத்திலோ ஒவ்வொன்றாகச் சுற்றி, இறுக்கமான டப்பாவில் போட்டு வை. உருக ஆரம்பித்தால் பயப்படாதே, காய்ச்சி வடிகட்டிப் பாகாக ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்.

எந்த டப்பா

தினமும் தொடுவதற்கு எவர்சில்வர். மூடி நசுங்கியிருக்கிறதா என்று கடையிலேயே சுற்றிப் பார். ஒரு சின்ன நெளிவு போதும், எறும்பு நுழைய. உள்ளே இருப்பது தெரியாதே என்பாய். மாஸ்கிங் டேப்பில் பெயரும் போட்ட தேதியும் எழுதி ஒட்டு. தேதி ரொம்ப முக்கியம். காபி, பொடி, வடகம் இவற்றுக்குக் கண்ணாடி பாட்டில். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தால் விடாதே. மூடியின் உள்ளே உள்ள வாஷரை மட்டும் கழற்றிக் கழுவு. மாவுத் தூசி அங்கேதான் தங்கும், அடுத்த தலைமுறைப் பூச்சி அங்கிருந்துதான் கிளம்பும்.

பிளாஸ்டிக் என்றால் அடியைத் திருப்பிப் பார். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால், கூடவே தம்ளரும் முள்கரண்டியும் சேர்ந்த படம் இருந்தால் சாப்பாட்டுச் சாமானுக்கு நல்லது. 1 என்று போட்ட மெல்லிய பாட்டிலில் உலர்ந்த பருப்பு போடலாம். சூடாக எதையும் போடாதே. பெயிண்ட் வாளியைக் கழுவி அரிசி கொட்டி வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். எத்தனை கழுவினாலும் அது சாப்பாட்டுக்கென்று செய்த வாளி இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன். ஆச்சியின் இரண்டு ஜாடிகளைத் துணி சுற்றிக் கொண்டுவருகிறேன், பெரியது புளிக்கு, சின்னது உப்புக்கு. சனிக்கிழமை காலையில் எழும்பூருக்கு மாப்பிள்ளையை வரச்சொல், கனமாக இருக்கும். அதுவரை புளிக் கவரைப் பிரிக்காதே. மொட்டை மாடிச் சாவியை மட்டும் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வை.